லாரி வராததற்குக் கட்டம் இல்லை

எல்லம்மாவின் வேலை போன அன்றைக்கு விடியும்போதே தூறல் பிடித்துக்கொண்டிருந்தது. பெங்களூர் ஜீவனஹள்ளித் தூறலைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். அது ஆளை நனைக்கவும் நனைக்காது, நிம்மதியாக வேலை செய்யவும் விடாது. ஓட்டுக் கேட்க வந்தவர் மாதிரி வாசலிலேயே நின்றுகொண்டிருக்கும்.

உரச்சாக்கு ஒன்றைக் குல்லாயாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, விளக்குமாற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ரயில்வே கேட்டுப் பக்கம் மூடிக்கிடக்கும் சைக்கிள் கடை வாசலுக்கு அவள் வந்து சேர்ந்தாள். தெரு பெருக்கும் பெண்கள் கூடுகிற இடம் அதுதான். நாணு மேஸ்திரி அங்கே நின்றுகொண்டு ஹாஜரி போடுவான். ஹாஜரி விழுந்தால்தான் அன்றைய நாள் கணக்கில் சேரும். மற்றவர்கள் ஏற்கெனவே தள்ளுவண்டிகளை உருட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார்கள். எல்லம்மாவின் வண்டி மட்டும் சங்கிலியில் பூட்டியபடி நின்றது.

நாணுவை ஒரேயடியாகக் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. காண்டிராக்டருக்கு முன்னால் அவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் இரக்கம்கூட வரும். ஆனால் இந்தப் பெண்களுக்கு முன்னால் அவனே காண்டிராக்டராகிவிடுவான். அவனிடம் இருந்த கோளாறு அவ்வளவுதான், ஆனால் அதுவே இவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

“எல்லம்மா, ஒனக்கு இன்னைக்கு ஹாஜரி இல்ல,” என்றான், டீ கிளாஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“இன்னா மேஸ்திரி, வெளையாடறியா? லேட்டா கூட வரலியே நானு.”

“லேட்டு இல்லம்மா. கம்ப்ளேண்டு. கம்ப்யூட்டர்ல ஒம் மேல கம்ப்ளேண்டு வந்துகீது. தெரு பெருக்கறதே இல்லன்னு.”

“யாரு? நானா பெருக்கறது இல்ல?”

“ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல. ஒங்க தெருவே எழுதிகீது. கார்ப்பரேஷன் பெரிய ஆபீஸ்ல பேப்பர் அடிச்சி காண்டிராக்டர் கையில குடுத்துட்டாங்க. ஆளை மாத்துன்னு ஆர்டரு. சும்னே எங்கிட்ட கூச்சல் போட்டா இன்னா ஆவும்?”

“நீ தெனம் பாக்கறியே மேஸ்திரி, நான் பெருக்கறது ஒனக்குத் தெரியாதா?”

நாணு இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். “எனக்குத் தெரியும்மா. கம்ப்யூட்டருக்குத் தெரியலியே,” என்று சொல்லிவிட்டு மொபெட்டை உதைத்துக் கிளப்பினான்.

வண்டி அவர்களுடையது, விளக்குமாறு எல்லம்மாவுடையது. அதைத் தூக்கிக்கொண்டு, வழக்கமாகப் பெருக்கிக்கொண்டே போகிற தெருவில், பெருக்காமல் நடந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். இந்த நேரத்தில் அவள் இந்தத் தெருவில் நிமிர்ந்து நடந்து யாரும் பார்த்ததில்லை. எதிரே வந்த பால்காரர்கூட, “இன்னாம்மா, ஒடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். அவள் விளக்குமாற்றை முந்தானையால் மூடிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனாள்.

தெருக்கோடியில், கரண்ட் பெட்டி மூலையில் அந்தக் குப்பைமேடு இருந்தது. அதைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. எல்லம்மா மாதிரிப் பெண்கள் தெருவைப் பெருக்கி, அள்ளி, தள்ளுவண்டியில் கொண்டுவந்து மூலையில் கொட்ட வேண்டும். லாரி வந்து அதை அள்ளிக்கொண்டு போக வேண்டும். காகிதத்தில் லாரி தினமும் வந்துகொண்டிருந்தது. ஜீவனஹள்ளிக்கு மட்டும் அதற்கு எப்போது மனசு வருகிறதோ அப்போதுதான் வந்தது. மேடு வளர்ந்து சாக்கடையை மூடியது. மழை பெய்தால் மேடு கரைந்து, எல்லம்மா பெருக்கிய தெருவுக்கே திரும்பி வந்தது. அவள் மறுபடி பெருக்கி, மறுபடி அதே மேட்டில் ஏறிக் கொட்டினாள். அப்படி ஏறியபோதுதான் உடைந்த ட்யூப்லைட் கண்ணாடி செருப்பைத் துளைத்துக்கொண்டு அவளுடைய வலது பாதத்தில் இறங்கியது. அது ஆறவே இல்லை. மஞ்சளும் அரசாங்க ஆஸ்பத்திரிக் களிம்புமாக மாற்றி மாற்றித் துணிக்கட்டுப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அந்த மேட்டைப் பற்றித் தெருப்பெண்கள் புகார் கொடுத்தது எல்லம்மாவுக்குத் தெரியும். உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள் என்றே சொல்ல வேண்டும். புகாரை எழுதிக்கொண்டதே கம்ப்யூட்டர் மையத்தில் வேலை செய்கிற அவள் மகள் சங்கமித்ராதானே. ஆனால் ‘தெரு பெருக்கவில்லை’ என்று எவள் எழுதினாள்? அதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

விளங்காத கோபம் குழாயடிக்கு வந்தது. அன்றைக்குத் தண்ணீர் விடுகிற முறை. முத்தம்மா, எல்லம்மாவுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள், பங்களாக்களில் பாத்திரம் தேய்க்கிறவள், குடத்தை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

“ஏண்டி முத்தம்மா, குப்பையைப் பத்தி எழுதறேன்னு போயி என்னைப் பத்தி எழுதினியா?”

“இன்னாக்கா சொல்றே?”

“தெருவே எழுதிகீதாம், எல்லம்மா பெருக்கறது இல்லன்னு. ஹாஜரி இல்லன்னு துரத்திட்டான். எங்க ஊட்டுக்காரருக்குப் பொம்மசந்திரா கம்பெனில பாதி ஷிப்டு நிறுத்திட்டாங்க. என் வேலையில ஓடுது வீடு. இது தெரிஞ்சே எம் வயித்துல அடிச்சீங்களாடி?”

“யக்கா, வாயை அடக்கிப் பேசு. நான் கம்ப்ளேண்டு குடுத்தது நெஜம். லாரி வரலன்னு குடுத்தேன். ஒம் பேரையே எடுக்கல. எம் புள்ளைங்க மேல சத்தியம்.”

“அப்போ காத்து வந்து எழுதிச்சா? எம் பொழப்புல மண்ணு போட்டு எழுதினவ எவளா இருந்தாலும் அவ கை வெளங்காமப் போவணும்!”

குடம் நிரம்பி வழிந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை. முத்தம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“நாங்க வாயால சொன்னோம்க்கா. கையால எழுதினது ஒம் பொண்ணு. அவளைப் போய்க் கேளு.”

எல்லம்மா அன்றைக்குப் பகல் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருந்தாள். கணவன் முனிகிருஷ்ணன் இரவு ஷிப்டு முடிந்து வந்து படுத்திருந்தவன், எழுந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, “மித்ரா வரட்டும். அவகிட்ட ஒரு வார்த்தை சொன்னா கம்ப்யூட்டர்ல சரி பண்ணிடுவா,” என்றான். மகளால் கம்ப்யூட்டரில் எதையும் சரி பண்ணிவிட முடியும் என்பது அவனுடைய நம்பிக்கை. பொம்மசந்திரா பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவனிடமெல்லாம், “எம் பொண்ணு கம்ப்யூட்டர் ஓட்டறா,” என்று சொல்லாமல் அவன் இறங்கியதில்லை.

அவன் பெருமைப்பட்டதில் தப்பில்லை. அவன் புத்த விஹாரத்துக்குப் போக ஆரம்பித்த வருஷத்தில் பிறந்ததால் சங்கமித்ரா என்று பெயர் வைத்தான். அவளும் பி.யு.சி. முடித்து, கன்னடம், இங்கிலீஷ் இரண்டிலும் டைப் அடிக்கப் படித்துக்கொண்டாள். இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் அது. பெங்களூரில் யாரைப் பார்த்தாலும் கம்ப்யூட்டர் என்று பேசிக்கொண்டிருந்த காலம். அந்தப் பேச்சு ஜீவனஹள்ளிக்கும் வந்து சேர்ந்தது ஸ்ரீகண்டனால்தான். அவர் அரசாங்கத்தில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறைக்கு முன்னால் வந்து குடியேறிய குடும்பம். வீட்டில் தமிழ், வாசலில் கன்னடம், கோபம் வந்தால் இங்கிலீஷ். ஆபீஸில் இருந்த காலத்தில் ஏழைகளின் மனுக்கள் எங்கே போய்ச் சேரும் என்று கண்ணால் பார்த்தவர். அந்த உறுத்தலோ என்னவோ, அலைந்து திரிந்து, பழைய வாசகசாலைக் கட்டடத்தில் ஓர் அறையைப் பிடித்து, ‘மக்கள் கணினி மையம்’ என்று பலகை மாட்டினார். யார் வேண்டுமானாலும் வரலாம், குறையைச் சொல்லலாம், சங்கமித்ரா அதைக் கம்ப்யூட்டரில் அடிப்பாள். தொண்டையில் முள் சிக்கிய பூனை மாதிரி டெலிபோன் லைன் கொஞ்ச நேரம் கத்தும், பிறகு புகார் நேராகப் பெரிய ஆபீஸுக்குப் போய்விடும். நடுவில் மேஸ்திரி கிடையாது, கவுன்சிலர் வீட்டு வாசல் கிடையாது. கொடுத்தவர் கையில் நம்பர் போட்ட ஒரு சீட்டு வரும். முத்தம்மா அந்தச் சீட்டைச் சுவாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள்.

விளக்கு ஏற்றுகிற நேரத்துக்கு சங்கமித்ரா வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றாள்.

“அம்மா, நான்தான்மா.”

“இன்னா நீதான்?”

“அது என்னாலதான் ஆச்சி.”

“உள்ள வந்து சொல்லு. மழையில நிக்காதே,” என்றான் முனிகிருஷ்ணன்.

அவள் வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். “கம்ப்யூட்டர்ல மொதல்ல கட்டத்துல டிக் போடணும்மா. குப்பைன்னு அழுத்தினா மூணே கட்டம் வரும். தெரு பெருக்கல. தொட்டி ஒடஞ்சிருக்கு. செத்த பிராணி. லாரி வரலன்னு கட்டமே இல்ல. எதுலயாவது டிக் போடலன்னா அடுத்த பக்கத்துக்கே போகாது.”

“அதனால?”

“ஸ்ரீகண்டன் சாரைக் கேட்டேன். ஏதாவது ஒண்ணு போட்டுட்டு, கீழ விவரம் எழுதிடும்மான்னாரு. நான் பெருக்கலன்றதுல டிக் போட்டேன். கீழ தெளிவா எழுதினேன்மா. லாரி வரல, சாக்கடை மூடிடிச்சின்னு எழுதினேன். பெருக்கறவங்க மேல தப்பு இல்லன்னு கூட எழுதினேன்.”

“அப்புறம் எப்படிடி எம் மேல வந்துது?”

“பெரிய ஆபீஸ்ல கட்டத்தை மட்டும்தான் கூட்டிப் பார்ப்பாங்களாம். கீழ எழுதினது பேப்பர்ல வராதாம். எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். காலைல திரையில பச்சை விழுந்திருந்திச்சி, நடவடிக்கை எடுத்தாச்சின்னு. சாருக்குத் தலைகால் புரியல. மொத தடவையா ஆபீஸ் அசைஞ்சிருக்குன்னு அவரு சம்சாரம் ருக்கு மாமியை மைசூர்பாகு எடுத்துட்டு வரச் சொன்னாரு. நான் தொறந்து படிச்சேன். துப்புரவுப் பணியாளர் மாற்றப்பட்டார்னு இருந்திச்சி.” அவள் குரல் உடைந்தது. “நெறைய பேர் குடுத்தாதான் வெயிட்டுன்னு நான்தான்மா ஒவ்வொரு வீடா போயி கூப்ட்டேன். ஒன் கால் புண்ணைப் பார்த்துட்டுத்தான்மா போனேன்.”

அடுப்பில் ராகிக் களி கொதித்துச் சொத்சொத்தென்று சத்தம் போட்டது. எல்லம்மா எழுந்து போய்க் கோலால் அதைக் கிண்ட ஆரம்பித்தாள். கிண்டிக்கொண்டே பேசினாள், திரும்பாமல்.

“வேற எவளாவது செஞ்சிருந்தா நடுத்தெருவுல நின்னு மண்ணை வாரித் தூத்தியிருப்பேன். எம் பொண்ணு படிச்சிகிறா, நாற்காலியில ஒக்காந்து வேலை செய்றான்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சவ நானு. அந்த நாற்காலியில ஒக்காந்து என்னையே பெருக்கித் தள்ளிட்டியேடி.”

“எல்லா, அவ வேணும்னா செஞ்சா?” என்றான் முனிகிருஷ்ணன்.

“வேணும்னு செய்யல. அதான் எனக்கு வலிக்குது. வேணும்னு செஞ்சவள்னா திட்டிட்டு ஆறிப்போவேன்.”

களியை உருட்டித் தட்டில் வைத்து, நடுவில் குழி செய்து கீரைக் குழம்பை ஊற்றி மகளுக்கு முன்னால் நகர்த்தினாள். சங்கமித்ரா தட்டைத் தொட்டபோதுதான் எல்லம்மாவுக்குக் குழாயடியில் தான் சொன்னது நினைவுக்கு வந்தது. எழுதினவள் கை விளங்காமல் போகட்டும் என்று ஊர் கேட்கச் சொல்லியிருந்தாள். அந்தக் கை இப்போது களியைக் கிள்ளிக்கொண்டிருந்தது. எல்லம்மா சட்டென்று எழுந்தாள். பானையிலிருந்து கல்லுப்பும், டப்பாவிலிருந்து காய்ந்த மிளகாயும் அள்ளிக்கொண்டு வந்து, மகளின் வலது கையை வெடுக்கென்று பிடித்து இழுத்து, அந்தக் கையையும் முகத்தையும் சுற்றி, “தூ, தூ” என்று துப்பி, அடுப்பில் போட்டாள். மிளகாய் வெடித்து வீடு முழுக்க நெடி ஏறியது. மூவரும் இருமினார்கள்.

இந்த வீட்டில் திருஷ்டி சுற்றுவதெல்லாம் கூடாது என்று எப்போதும் சட்டம் பேசுகிற முனிகிருஷ்ணன், சுவரில் மாட்டியிருந்த புத்தர் படத்தைப் பார்த்துக்கொண்டு அன்றைக்குச் சும்மா இருந்தான்.

மறுநாள் காலையில் நாணு மேஸ்திரியின் மொபெட் வீட்டு வாசலில் வந்து நின்றது. காண்டிராக்டரிடம் பேசிவிட்டேன் என்றான். முகத்தில் உபகாரம் செய்ய வந்தவனின் களை இருந்தது.

“ஒரே ஒரு வழி இருக்குது எல்லம்மா. குடுத்தவங்க எல்லாரும் போயி வாபஸ் வாங்கணும். தப்பா குடுத்துட்டோம்னு சொல்லணும். மத்தியானச் சங்கு ஊதறதுக்குள்ள கம்ப்யூட்டர்ல அது ஏறிடிச்சின்னா நாளைக்கு ஒனக்கு ஹாஜரி. இல்லன்னா லிங்கராஜபுரத்துல இருந்து ஒரு பொம்பளை ரெடியா கீறா.”

“லாரி மேஸ்திரி?” என்றாள் எல்லம்மா.

“இன்னா லாரி?”

“வாபஸ் வாங்கினா லாரி வருமா?”

“ஒனக்கு வேலை வேணுமா, லாரி வேணுமா?” நாணு சிரித்தான். “பேஜார் பண்ணாதம்மா. இத்தனை வருஷம் செஞ்சவ நீ. காண்டிராக்டு ஆளுங்களை பர்மனெண்ட் பண்ணப் போறாங்கன்னு பேச்சு வேற அடிபடுது. நடுவுல பேரு விட்டுப்போனா எல்லாம் போச்சி.”

அந்தப் பேச்சு எல்லம்மாவின் நெஞ்சில் போய்த் தைத்தது. பர்மனெண்ட் என்ற ஒரு சொல்லுக்காகத்தான் அவள் காய்ச்சலோடும் ஹாஜரிக்குப் போயிருக்கிறாள். சரி என்று தலையாட்டினாள். தலையாட்டியதில் அவளுக்கு வெட்கம் இல்லை. வயிறு இருக்கிறவர்கள் யாருக்கும் அதில் வெட்கம் இருக்கத் தேவையில்லை.

செய்தியைக் கேட்டதும் முதலில் கிளம்பியவள் முத்தம்மாதான். நேற்றைய சண்டை அவள் முகத்தில் இன்னும் வாடாமல் இருந்தது. ஆனாலும் படத்துக்குப் பின்னாலிருந்து சீட்டை உருவி முந்தானையில் முடிந்துகொண்டாள். “வாங்கடி, நமக்கென்னா, ஒரு பொய்தானே. சொல்லிட்டு வருவோம். அக்காவுக்கு வேலை திரும்பக் கெடைக்கட்டும்,” என்று தெருவைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். எல்லம்மா நொண்டிக்கொண்டே அவர்களுக்குப் பின்னால் போனாள்.

மையத்தில் ஸ்ரீகண்டன் அவர்களுக்காகவே காத்திருந்தார். சங்கமித்ரா எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. மனிதர் ஒரே நாளில் சோர்ந்துபோயிருந்தார்.

“வாங்கோம்மா. தப்பு எம்மேலதான். குழந்தை கேட்டா, நான்தான் ஏதோ ஒண்ணு போடுன்னேன். கீழே எழுதறதை யாராவது படிப்பான்னு நெனச்சேன். முப்பது வருஷம் ஆபீஸ்ல இருந்தும் எனக்குத் தோணலை பாருங்கோ.”

“அது போவட்டும் சாமி. வாபஸ் வாங்கணும்,” என்றாள் முத்தம்மா.

“வாங்கலாம். ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன், அப்புறம் ஒங்க இஷ்டம். வாபஸ்னா ரெக்கார்டுல பொய்ப் புகார்னு ஏறும். ஏழைபாழைகளுக்கு எதுக்கு இதெல்லாம், சும்மா எழுதுவான்னு சொல்லிண்டிருக்கறவா அங்கே நெறைய பேர் இருக்கா. அவாளுக்கு இது போதும். அடுத்த தடவை நிஜத்தைச் சொன்னாலும் திரும்பிப் பாக்க மாட்டா.” அவர் எல்லம்மாவைப் பார்த்தார். “ஆனா ஒங்க வயித்துப்பாடு, எல்லம்மா. அதுக்கு முன்னாடி நான் என்னத்தைச் சொல்றது?”

எல்லம்மா அறையைச் சுற்றிப் பார்த்தாள். அவள் மகளின் மையத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. கண்ணாடி போட்ட ஜன்னல், மேஜைக்கு மேலே அந்தப் பெட்டி, மேஜைக்கு இந்தப் பக்கம் புகார் கொடுக்க வருகிறவர்கள் உட்கார ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி. முத்தம்மா அதில் உட்காராமல், நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அன்னைக்கு ஒக்காந்து சொன்னீங்களே அத்தை,” என்றாள் சங்கமித்ரா.

“அன்னைக்கு நெஜம் சொன்னேன், ஒக்காந்தேன்,” என்றாள் முத்தம்மா. முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சீட்டை மேஜையில் வைத்தாள். வைத்தபிறகும் விரலை எடுக்கவில்லை. “இந்த ஊர்ல பொறந்து வளந்தேன். ரேஷன் கடையில இருந்து ஆஸ்பத்திரி வரிக்கும் நான் ஒண்ணு சொல்லி, சொன்னது வந்து சேந்துதுன்னு எவனும் எங்கிட்ட சொன்னதில்ல. இதுதான் மொதத் தடவை. சரி, டைப் அடி மித்ரா.”

சங்கமித்ரா நம்பரைத் தட்டினாள். டெலிபோன் லைன் கத்தி ஓய்ந்தது. திரையில் வந்த வாசகத்தைப் புகார் கொடுத்தவர் காதில் விழும்படி படிக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்திருந்த முறை. அவள் கன்னடத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னாள்:

“‘நான் குறிப்பிட்ட இடத்தில் குப்பை எதுவும் இல்லை. உண்மைக்கு மாறாகப் புகார் கொடுத்துவிட்டேன். புகாரைத் திரும்பப் பெறுகிறேன்.’ சரியா அத்தை?”

முத்தம்மா தலையைக் குனிந்துகொண்டு, “ம்,” என்றாள்.

“அழுத்தட்டுமா?”

“இரு,” என்றாள் எல்லம்மா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தன் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரும் வழியில் அந்த மேட்டைத் தாண்டித்தான் வந்திருந்தார்கள். கட்டு முழுக்கக் கறுப்புத் தண்ணீர் ஊறியிருந்தது.

“அந்த எடத்துல குப்பை இல்லன்னா, எம் காலு எப்படிடி இப்படி ஆச்சி?”

“அம்மா, அது சும்மா ஒரு வாசகம்மா. எல்லா வாபஸுக்கும் அதேதான் வரும்.”

“சும்மா வாசகமா? நேத்து நான் பெருக்கலன்னு சொல்லிச்சி ஒம் பெட்டி. இன்னைக்குக் குப்பையே இல்லன்னு சொல்லப்போவுது. அப்போ இத்தனை வருஷமா நான் இன்னாத்துல ஏறி நின்னேன்? எதை அள்ளினேன்?” அவள் குரல் உயர்ந்தது. “முத்தம்மா, நேத்து ஒன்னை வாயில வந்தபடி பேசிட்டேன். மனசுல வெச்சிக்காதே. ஆனா எனக்காக நீ இந்தப் பொய்யைச் சொல்லவேணாம். அந்தச் சீட்டை எடு.”

“யக்கா, வேலை?”

“போவட்டும்.”

அவள் அதை வீரமாகச் சொன்னாள் என்று நினைத்துவிடக் கூடாது. பாதி ஷிப்டுக்குப் போகிற புருஷன், வாடகை, அரிசி, எல்லாம் கண்முன்னால் வந்து நின்றன. பர்மனெண்ட் என்ற சொல்லும் வந்து நின்றது. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்றுகூட ஒரு நொடி பார்த்தாள். முத்தம்மா சீட்டை எடுத்து மறுபடி முந்தானையில் முடிவதைப் பார்த்தபிறகு அவளால் முடியவில்லை.

“மித்ரா, எனக்கு ஒரு கம்ப்ளேண்டு எழுது. எம் பேர்ல,” என்றாள்.

“என்னான்னும்மா?”

“லாரி வரல.”

சங்கமித்ரா திரையைப் பார்த்தாள். அதே மூன்று கட்டங்கள். அவள் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. “எதை அழுத்தறதும்மா? அதுக்குக் கட்டம் இல்லையே.”

“புதுக் கட்டம் போடச் சொல்லியிருக்கேன்,” என்றார் ஸ்ரீகண்டன் அவசரமாக. “இந்த ப்ரோக்ராமை எழுதிக் குடுத்த பசங்களுக்கு அது ஒரு நாழி வேலை. ஆனா பெரிய ஆபீஸ்ல சாங்ஷன் ஆகணும். கமிட்டி கூடணும். கொஞ்சம் டயம் ஆகும்.”

“ஆவட்டும் சாமி.”

எல்லம்மா போய் அந்தச் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். உரச்சாக்கை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“இன்னாம்மா பண்றே?”

“கட்டம் வர்ற வரிக்கும் ஒக்காந்துகீறேன். கம்ப்ளேண்டு குடுக்க வந்தவங்க ஒக்காரத்தானே இந்த நாற்காலி?”

ஸ்ரீகண்டன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முத்தம்மா சீட்டு முடிந்த முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, “இன்னைக்கு பங்களாவுல பாத்திரம் காயட்டும்,” என்று சொல்லிவிட்டு எல்லம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாகச் சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சின்ன அறை. கடைசியாக வந்தவர்களுக்கு வாசற்படிதான் கிடைத்தது. வெளியே தூறல் பெரிய மழையாக மாறிக்கொண்டிருந்தது.

எங்கோ ஒரு தொழிற்சாலையின் மத்தியானச் சங்கு ஊதியது. எல்லம்மா அதைக் கடைசிவரை கேட்டாள். ஊதி முடிந்ததும் பெருமூச்சு விட்டாள். லிங்கராஜபுரத்துப் பெண் யாரோ, பாவம், நாளைக்கு அந்த மேட்டில் ஏறப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

மழை வலுத்ததும் வழக்கம்போல் கரண்ட் போயிற்று. மின்விசிறி சுற்றி நின்றது. திரை கருத்துப்போனது.

“கரண்ட் போயிடுத்தேம்மா,” என்றார் ஸ்ரீகண்டன். “மெஷினே இல்லாம உக்காந்துண்டு என்ன பண்றது? நாளைக்கு வாங்கோளேன்.”

“பரவால்ல சாமி. கரண்ட் வரட்டும். நாங்க எங்க போவப்போறோம்?”

ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. சங்கமித்ரா கருத்த திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் நாற்காலியை விட்டு எழுந்து, மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து, பெண்களுக்கு நடுவில் அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். துப்பட்டாவின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, நனைந்த கட்டை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

“மெதுவா,” என்றாள் எல்லம்மா.